விட்ட குழிக்கும் கரி

சாலைப் பணிக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் நாலு வார்த்தை பேசச் சொல்லி சங்கத்தில் கேட்டார்கள். பேசச் சொன்னால் பேசிவிடுவேன், நிறுத்தத்தான் எனக்கு வராது. அப்படியானால் எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எழுத்தும் வராது. நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். நடுநடுவே, "மாமா, இது வேணுமுங்களா?" என்று கேட்கிறாள். வேணும் என்று சொன்னதையெல்லாம் எழுதியிருக்கிறாள் என்று நம்புகிறேன்.

தார் போடுவதையும் ஜல்லி பரப்புவதையும் பற்றி நான் சொல்லப்போவதில்லை. இப்போது எல்லாவற்றுக்கும் மெஷின் வந்துவிட்டது, மெஷினோடு அதை ஓட்டச் சொல்லிக்கொடுக்கிற ஆளும் வருகிறார். நான் குழியைப் பற்றிச் சொல்கிறேன். ரோட்டில் தானாக விழுகிற குழி வேறு. அதற்கு ஊரே நம்மைத் திட்டும். நான் சொல்வது கல் நடவும் போர்டு நடவும் நாமே தோண்டுகிற குழி. அதைப் பற்றி யாரும் நம்மைத் திட்டுவதில்லை. அதனால்தான் அதில் கவனமாக இருக்க வேண்டும்.

நான் கேங்கில் சேர்ந்தபோது எங்களுக்கு ஒரு மேஸ்திரி இருந்தார். சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் தன் பேர் வருவது அவருக்குப் பிடிக்காது. அதனால் இங்கேயும் வேண்டாம். குள்ளமான ஆள். தலைப்பாகையோடு சேர்த்துப் பார்த்தால்தான் நம் தோளுக்கு வருவார். அவருக்கு ஒரு பழக்கம். தார் டிரம் காய்ச்ச வேலிக்காத்தான் கட்டையை எரிப்போம் அல்லவா, சாயங்காலம் அடுப்பு ஆறியதும் அந்தக் கரியை ஒரு சாக்கில் அள்ளி வைத்துக்கொள்வார். தார் சிந்திச் சிந்தி அந்தக் கரியெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டும். கல் நடும் குழி எதுவானாலும் அடியில் இரண்டு சட்டி கரி போட்ட பிறகுதான் கல் இறங்கும். தோண்டிப் பார்த்து, சரிப்படாமல் விட்டுவிட்ட குழியாக இருந்தாலும் மூடுவதற்கு முன்னால் இரண்டு சட்டி.

எனக்கு அது வெட்டி வேலையாகத் தெரிந்தது. சாக்கைச் சுமப்பவன் நான்தானே. ஒரு நாள் கேட்டுவிட்டேன்.

"இது எதுக்குங்க? காத்துக் கருப்பு அண்டாம இருக்கறதுக்குங்களா?"

"காத்துமில்ல, கருப்புமில்ல. ரெண்டு மழ பேஞ்சா தோண்டுன மண்ணும் தோண்டாத மண்ணும் ஒண்ணாட்டம் ஆயிரும்டா. கரி மக்காது. நாளைக்கு எவனாச்சும் வந்து நீ இங்க தோண்டவே இல்லைன்னு சொன்னா, நீ வாயத் தொறக்க வேண்டாம். கரி சொல்லிப்போடும்."

"எவனுங்க வந்து கேக்கப் போறான்?"

"நீயே கேப்படா. வயசாச்சுன்னா."

அவர் சொன்னது வீண்போகவில்லை. ராசிபுரம் ரோட்டில் ஒரு டீக்கடைக்காரர் இருந்தார். அவர் கடைக்கு நாற்பது எட்டுத் தள்ளி ஒரு கிலோமீட்டர் கல். பஸ் அந்தக் கல்லருகில்தான் நிற்கும். ஆள் இறங்கி கடை வரைக்கும் நடந்து வருவதற்குள் டீ குடிக்கிற ஆசை போய்விடுகிறது என்று அவருக்குக் குறை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு ஜோடி மாட்டைப் பூட்டி, கல்லைக் கடை வாசலுக்கே இழுத்து வந்து நட்டுவிட்டார். திங்கட்கிழமை முதல் பஸ்ஸும் அங்கேயே நின்றது. இன்ஜினியர் வந்து கேட்டதற்கு, "எங்கப்பங் காலத்துல இருந்து கல்லு இங்கதானுங்க இருக்குது" என்று சாதித்தார். ஊரில் நாலு பேர் ஆமாம் என்றார்கள். நாலு பேரும் அங்கே காசு கொடுக்காமல் டீ குடிக்கிறவர்கள்.

மேஸ்திரி ஒரு டீ வாங்கிக் குடித்தார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நாற்பது எட்டு நடந்தார், குத்தவைத்து உட்கார்ந்து தோண்டினார். கரித்துண்டு ஒன்றைக் கொண்டுவந்து டீக்கடைப் பலகையில், தான் குடித்த கிளாசுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"உங்கப்பங் காலத்துக் கல்லுக்கு அடியிலயும் இதாட்டம் இருக்குதான்னு பாத்தரலாமுங்களா?" என்றார்.

கடைக்காரர் கரியைப் பார்த்தார். "இன்னொரு டீ குடிக்கறீங்களா?" என்றார்.

கரி பொய் சொல்லாது என்று அன்றைக்கு மனசில் பதிந்துவிட்டது. அதில் பாதிதான் சரி என்று தெரிய, நான் ஓய்வு பெறுகிற வருஷம் வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது.

இனி நான் செய்த தப்பைச் சொல்கிறேன்.

அந்த மேஸ்திரி போன பிறகு நானே மேஸ்திரி ஆனேன். வெண்ணந்தூருக்கு மேற்கே ஒரு கிளைச்சாலை. அங்கே ஒரு போர்டு நடச் சொன்னார்கள். வளைவு, பள்ளி, வேகத்தடை என்று சொல்கிற போர்டு இல்லை. இந்த இடத்தில் முன்னே இன்னது இருந்தது என்று சொல்கிற போர்டு. அந்த மாதிரிப் போர்டுகளை வண்டியில் போகிறவர்கள் யாரும் நின்று படிப்பதில்லை. ஆடு மேய்க்கிறவர்கள் அதன் நிழலில் உட்காருவார்கள். அவர்களும் போர்டுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார்கள்.

உப்பு வண்டிகள் தங்கிப்போன பேட்டை ஒன்று இவ்விடத்தில் இருந்தது என்பது அந்தப் போர்டின் சேதி. கடற்கரையிலிருந்து மாட்டு வண்டிகளில் உப்பு வருமாம். வண்டிக்காரர்கள் இங்கே மாட்டை அவிழ்த்துவிட்டுச் சோறாக்கித் தின்று, மறுநாள் கிளம்புவார்களாம். இதை விசாரித்து எழுதியவர் ராசிபுரத்திலிருந்து ஒரு வாத்தியார். நல்ல மனிதர். அந்தக் காலத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்தக் காலத்தில் பஸ் போய்விடும், அப்படிப்பட்டவர். அந்த ஊரில் வயசான ஒருவர் ரோட்டோரப் புளியமரத்தடியைக் காட்டி, இங்கேதான் என்று சொல்லியிருக்கிறார். வாத்தியாரும் இன்ஜினியரும் புளியமரத்துக்குப் பக்கத்தில் சுண்ணாம்பால் பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனார்கள்.

காலை பத்து மணிக்கு நாங்கள் மூன்று பேர் தோண்ட ஆரம்பித்தோம். மூன்று மணிக்குப் பெரிய அதிகாரி ஒருவர் வந்து போர்டின் துணியை விலக்குவதாக ஏற்பாடு. ஒரு முழம் போனதும் கடப்பாரை டங்கென்று திரும்பி வந்தது. அடியில் ஒரே பாறை. பக்கத்தில் தள்ளிக் குத்தினாலும் டங். பன்னிரண்டு மணி வரை அடித்தோம். கடப்பாரை முனைதான் மழுங்கியது. இன்ஜினியர் அதிகாரியை அழைத்துவரச் சேலத்துக்குப் போய்விட்டார். அப்போது கையில் செல்போன் எல்லாம் கிடையாது.

நான் கடப்பாரையை எடுத்துக்கொண்டு ரோட்டோரமாக மேற்கே நடந்தேன். பத்தடிக்கு ஒரு தரம் குத்திப் பார்த்தேன். டங், டங், டங். ஒரு பர்லாங் போனதும், ஒரு தென்னந்தோப்பு ஓரத்தில், கடப்பாரை பழத்தில் கத்தி இறங்குகிற மாதிரி இறங்கியது. நல்ல செம்மண். அரை மணி நேரத்தில் குழி ரெடி.

கூட இருந்தவர் கேட்டார். "ஏனுங்க மேஸ்திரி, குறி அக்கட்டால புளியமரத்துக்கிட்டத்தானுங்க இருக்குது?"

"உப்பு வண்டிதானப்பா. மாடு ஒரு பர்லாங் சேத்தி நடந்திருக்கும்னு வெச்சுக்க."

மூன்று பேரும் சிரித்தோம். அந்தச் சிரிப்புக்காகத்தான் இவ்வளவையும் உங்களிடம் சொல்கிறேன்.

காலையில் அதே ரோட்டில் ஒட்டு வேலை பார்த்திருந்தோம், தார் அடுப்பு ஆறிக் கிடந்தது. பழக்கம் கையோடு வந்துவிட்டது. புளியமரத்தடியில் விட்ட குழிக்கு இரண்டு சட்டி கரி போட்டு மூடினேன். தோப்போரத்தில் நடுகிற குழிக்கும் இரண்டு சட்டி போட்டுப் போர்டை நிறுத்தினேன்.

மூன்று மணிக்கு அதிகாரி வந்தார், துணியை விலக்கினார். வாத்தியார் பேசினார். "நாம் நிற்கும் இதே மண்ணில்" என்று சொல்லும்போது காலால் தரையைத் தட்டிக் காட்டினார். தட்டியது செம்மண், காலில் ஒட்டிக்கொண்டது. போர்டு இடம் மாறியிருப்பதை வாத்தியாரும் கவனிக்கவில்லை, இன்ஜினியரும் கவனிக்கவில்லை. போர்டு இருக்கிற இடம்தான் குறி போட்ட இடம் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். ரோட்டோரம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிதானே இருக்கும், போர்டைப் பார்த்த பிறகு புளியமரத்தை யாரும் தேடுவதில்லை.

அப்புறம் போர்டு தன் பாட்டுக்குப் பிழைத்துக்கொண்டது. பஸ் நிற்க ஆரம்பித்தது, போர்டு ஸ்டாப்பிங் என்று பேரும் வந்தது. அந்த ஊர் ஆட்கள் சிலர், எங்க பாட்டன் இந்தத் தென்னைக்கு அடியில்தான் உப்பு வண்டிக்குத் தண்ணீர் காட்டினார் என்று சொல்வதை என் காதாலேயே கேட்டேன். அந்தத் தென்னை வைத்து அப்போது பத்து வருஷம்கூட ஆகியிருக்காது. பின்னால் ரோட்டை அகலப்படுத்தும்போது புளியமரத்தையும் வெட்டிவிட்டார்கள். உண்மையான இடத்துக்கு அடையாளம் என்று ஒன்றும் மிச்சமில்லை. எனக்கு உள்ளுக்குள் வேடிக்கையாக இருந்தது. வேடிக்கையாக இருக்கும்போதே சொல்லியிருந்தால் அது வேடிக்கையாகவே முடிந்திருக்கும்.

நான் ஓய்வு பெற எட்டு மாதம் இருக்கும்போது ஆபீசுக்கு மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. இந்த மாதிரிப் போர்டு இருக்கிற இடங்களையெல்லாம் பட்டியல் எடுக்கிறார்களாம். ஆள் வந்து பார்த்துச் சொல்லும் வரைக்கும் போர்டைச் சுற்றி நூறு மீட்டருக்குள் யாரும் ஆழமாகத் தோண்டக் கூடாதாம். ஆள் எப்போது வருவார் என்று கடிதத்தில் இல்லை.

அந்தத் தென்னந்தோப்பு பாவாயி என்கிற பெண்ணுடையது. வீட்டுக்காரர் லாரி டிரைவர், மாசத்தில் இருபது நாள் வடக்கே இருப்பார். தோப்பு, இரண்டு மாடு, மாமனார் எல்லாம் அந்தப் பெண்ணின் பொறுப்பு. கிணறு வற்றிப்போய் நாற்பது தென்னையும் மட்டை தொங்கி நின்றன. நீரோட்டம் பார்க்கிறவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்து நடந்து, போர்டுக்கு முப்பதடி தள்ளி ஒரு இடத்தைக் காட்டியிருக்கிறார். திருச்செங்கோட்டிலிருந்து போர் போடுகிற ரிக் வண்டி வந்து நின்றது. கடிதத்தைக் காட்டித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

நான் அந்த ரோட்டில் வேலி முள் வெட்டிக்கொண்டிருந்தபோது பாவாயி ஒரு சொம்பு மோரோடு வந்தது.

"அண்ணா, நல்லாருக்கீங்களா? நாபகம் இருக்குதுங்களா, இந்தப் போர்டு நட்ட அன்னிக்கும் நாந்தான் மோர் கொண்டாந்து குடுத்தேன். அப்பத்தான் கண்ணாலமாயி வந்திருந்தேன்."

"இருக்குது அம்மிணி" என்றேன். எனக்கு ஞாபகம் இல்லை.

"அன்னிக்கு நீங்க கடப்பாரையில குத்திக் குத்திப் பாத்துக்கிட்டே வந்தீங்க. எங்க தோப்போரம் வந்ததும் நின்னுட்டீங்க. சரித்திரத்த இப்படித்தான் தேடிக் கண்டுபுடிப்பாங்களாட்டம் இருக்குதுன்னு நெனச்சுக்கிட்டனுங்க."

பாதி மோரோடு சொம்பைக் கீழே வைத்தேன். அந்தப் பெண்ணின் முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை.

"யாருகிட்டயும் சொன்னியா அம்மிணி?"

"நாஞ் சொன்னா எடுபடுமுங்களா? தோப்புக்காரி தண்ணிக்கு ஆசப்பட்டுச் சொல்றாம்பாங்க. நீங்க சொன்னா ஒருவேள எடுபடும்."

"ரோசனை பண்ணிச் சொல்றேன்."

"பண்ணுங்க. நீங்க ரோசனை பண்ணுவீங்க. தென்னை பண்ணாதுங்க, காஞ்சுரும்."

மூன்று நாள் யோசித்தேன். இன்ஜினியர் போட்ட குறியை மாற்றி நட்டேன் என்று நானே ஒத்துக்கொண்டால் மெமோ வரும், விசாரணை வரும். எட்டு மாதத்தில் வீட்டுக்குப் போக வேண்டியவன் எத்தனை வருஷம் ஆபீசு வாசலில் நிற்பேனோ தெரியாது. பேசாமல் இருந்தால் ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியாது, பாவாயியைத் தவிர. அந்தப் பெண் வெளியே சொல்லாது, ஆனால் தினமும் அந்த வழியாகத்தான் நான் போக வேண்டும், தினமும் மோர் வரும். அந்த மோரைக் குடிப்பதைவிட மெமோ வாங்குவது மேல் என்று நாலாம் நாள் முடிவுக்கு வந்தேன்.

அப்போது எங்களுக்கு ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் இன்ஜினியர் வந்திருந்தார், சின்ன வயசு. முழுசும் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தார்.

"இதை எழுதிக் கொடுப்பீங்களா மேஸ்திரி?"

"எழுதத் தெரியாதுங்க மேடம். கைநாட்டு வேணா வெக்கறேன்."

"நீங்க கைநாட்டு வச்சா முதல்ல உங்க மேலதான் நடவடிக்கை வரும். போர்டு அப்புறம்தான் நகரும். ஃபைல்ல போர்டு சரியான இடத்துல இருக்கறதாத்தான் இருக்கு. எதிரா ஏதாவது ஆதாரம் இருக்கா?"

"கரி இருக்குதுங்க" என்றேன்.

ஒரு புதன்கிழமை காலையில் எல்லாரும் போர்டருகில் கூடினோம். இன்ஜினியர் மேடம், பாவாயி, நான், எங்கள் ஆட்கள் இரண்டு பேர். வாத்தியாரையும் மேடம் வரவழைத்திருந்தார். அவர் எழுதிய போர்டு, அவர் ஒத்துக்கொண்டால்தான் இடம் மாறும். ரொம்பத் தளர்ந்திருந்தார், குரல் மட்டும் தளரவில்லை.

"நான் நின்னு பேசின எடம்பா இது. இதே மண்ணைத் தட்டிச் சொன்னேன். நீ என்னடான்னா ஒரு பர்லாங் தள்ளிங்கற."

"ஐயா, நீங்க தட்டினது நான் மாத்தி நட்ட எடமுங்க. கொஞ்சம் ரோசனை பண்ணிப் பாருங்க. உப்பு பாரம் ஏத்துன வண்டிய இந்தச் செம்மண்ணுல நிறுத்துனா, ஒரு மழைக்குச் சக்கரம் அச்சு வரைக்கும் எறங்கிரும். மூட்டையும் ஓதம் குடிச்சுரும். வண்டிக்காரன் பாறை மேலதானுங்க நிறுத்துவான். எங்களுக்குக் குழி தோண்டத் தோதில்லாத எடமுங்க, அதனாலதான் அவங்களுக்குத் தோது."

இந்த யோசனை நட்ட அன்றைக்கு எனக்கு வந்ததில்லை. அந்த மூன்று நாளில்தான் வந்தது. நம் கடப்பாரையைத் திருப்பி அனுப்பிய அதே பாறைதான் அந்த இடத்தின் விசேஷம் என்று அப்போதுதான் புரிந்தது. உங்களுக்கும் சொல்கிறேன், ஒரு இடம் உங்களுக்கு ஒத்துழைக்காவிட்டால், அந்த இடம் எதற்காக அப்படி இருக்கிறது என்று ஒரு நிமிஷம் நின்று கேளுங்கள்.

வாத்தியார் கையை வீசினார். "அதெல்லாம் உன்ற ஊகம். சரித்திரத்துக்கு ஆதாரம் வேணும்."

சரி, தோண்டுவோம் என்று கிழக்கே போனோம். அங்கே போனதும் எனக்கு இடம் பிடிபடவில்லை. புளியமரம் இல்லை, ரோடு இரண்டு பக்கமும் விரிந்திருக்கிறது. குத்துமதிப்பாக ஒரு இடத்தில் தோண்டச் சொன்னேன். வெறும் மண். நாலெட்டுத் தள்ளித் தோண்டினோம். மண், அடியில் பாறை, கரி இல்லை. வெயில் ஏறியது. வாத்தியார் குடையை விரித்தார். மேடம் செல்போனைப் பார்த்தார். பாவாயி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு குழியையே பார்த்துக்கொண்டிருந்தது.

மூன்றாவது குழியில் மண்வெட்டியில் மெத்தென்று ஏதோ பட்டது. எடுத்துப் பார்த்தால் மக்கிப்போன வேர். புளிய வேர். மரம் போனாலும் வேர் போகவில்லை. வேர் தடிக்கிற பக்கமாகத் தோண்டிப் போனோம், அடிமரம் இருந்த இடம் தெரிந்தது. அங்கிருந்து மூன்று எட்டு எடுத்து வைத்து நானே மண்வெட்டியை வாங்கிக் கொத்தினேன். ஒரு முழத்தில் கறுப்பு வந்தது.

"இந்தாங்க மேடம்" என்று ஒரு கட்டியை எடுத்து நீட்டினேன்.

மேடத்தின் கைக்குப் போவதற்குள் வாத்தியார் வாங்கிவிட்டார். கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார், விரலால் தேய்த்தார். விரலில் கறுப்பாக ஒட்டியது. மூக்கருகில் கொண்டுபோனார். அவர் முகம் மாறுவதைப் பார்த்தேன். கல்யாண வீட்டில் தாலி ஏறியதும் பெண்ணைப் பெற்றவர் முகத்தில் ஒரு பூரிப்பு வருமே, அந்த மாதிரி.

"அடுப்புக் கரி" என்றார். "சமையல் பண்ணின அடுப்பு. இந்தப் பிசுபிசுப்பு என்னன்னு தெரியுதா? வண்டி மை. வைக்கோல் கரியை எண்ணெயில கொழச்சு அச்சுக்குப் போடுவாங்களே, அது. சோறாக்கிட்டே அச்சுக்கு மை போட்டிருக்காங்க. அம்மா, பேட்டை இங்கதான் இருந்திருக்கு. நான் அப்பவே நினைச்சேன், பாறை மேலதான வண்டியை நிறுத்துவாங்க."

நான் சத்தமாகவே சொன்னேன். "ஐயா, அது தாருங்க. நாங்க ஒட்டு வேலைக்குக் காய்ச்சுன தாரு. அந்தக் கரியப் போட்டது நாந்தானுங்க."

வாத்தியார் என் தோளில் கை வைத்தார். "நீ சொன்ன எடம் சரிப்பா. நீ நல்லவன். ஆனா இதெல்லாம் உனக்குத் தெரியாது."

மேடம் என்னைப் பார்த்தார். ரோடு போடுகிற இன்ஜினியருக்குத் தார் வாசம் தெரியாமல் இருக்குமா? பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, நான் இன்னொரு தரம் சொல்வேனா என்று காத்திருந்தார். பாவாயியும் என்னைப் பார்த்தது.

இந்த இடத்தில்தான் நீங்கள் என் நிலைமையில் இருந்து பார்க்க வேண்டும். அது தார் என்றால், கிடைத்தது ஒரு மேஸ்திரி தோண்டின குழி. என் மேல் விசாரணை நடக்கும், வாத்தியார் ஒத்துக்கொள்ள மாட்டார், போர்டு முடிவு தெரியும்வரை அங்கேயே நிற்கும், அதற்குள் தோப்பு விறகாகிவிடும். அது வண்டி மை என்றால், கிடைத்தது சரித்திரம். போர்டு அடுத்த வாரமே நகரும். இடம் எப்படியும் சரியான இடம்தான். காரணம் மட்டும்தான் தப்பு.

ஒரு தடவை சொல்லியாயிற்று. இரண்டாம் தடவை சொல்லவில்லை. தலையைக் குனிந்து மண்ணைப் பார்த்தேன். மேடம் எழுத ஆரம்பித்தார்.

பத்து நாளில் உத்தரவு வந்தது. புதுப் போர்டு எழுதி, பாறையை மெஷினால் துளைத்து, புளியமரம் இருந்த இடத்தில் நட்டோம். பழையதைப் பிடுங்குகிற அன்றைக்குத்தான் கடைசிச் சோதனை. போர்டை ஆட்டி அசைத்துத் தூக்கியதும் குழிக்குள்ளிருந்து கறுகறுவென்று கரி வந்தது. நட்ட குழிக்கும் இரண்டு சட்டி போட்டதை நான் சுத்தமாக மறந்திருந்தேன். தலையைத் தூக்கிப் பார்த்தால், வாத்தியார் பஸ்ஸை விட்டு இறங்கி, பழைய போர்டை ஒரு தரம் பார்க்க வந்துகொண்டிருக்கிறார். இந்தக் கரி அவர் கண்ணில் பட்டால் அவ்வளவுதான். பேட்டை ஒரு பர்லாங் நீளம் என்று ஆகிவிடும், தோப்பு முழுசும் அதற்குள் வந்துவிடும்.

என் முகத்தைப் பார்த்ததும் பாவாயிக்குப் புரிந்துவிட்டது. சாணிக் கூடையோடு வந்து குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் கரியை வழித்து அள்ளி, மேலே சாணியைப் பரப்பி, தலையில் தூக்கிக்கொண்டு நடந்தது. எதிரில் வாத்தியார்.

"என்னம்மா அது?"

"சாணிங்க சாமி. வாங்க, வெயில்ல வந்திருக்கீங்க. ஒரு வாய் டீ வெக்கறேன்."

அந்தக் கரியில்தான் டீ கொதித்தது. வாத்தியார் தோப்பு நிழலில் உட்கார்ந்து ஊதி ஊதிக் குடித்தார். பாதியில் நிறுத்தி, "டீயில என்னமோ ஒரு வாசம் அடிக்குதே" என்றார்.

"கரியடுப்புங்க. இன்னுங் கொஞ்சம் ஊத்தட்டுங்களா?" என்றது பாவாயி.

"ஊத்து. இந்தக் காலத்துல கரியடுப்பு எங்க கெடைக்குது" என்றார் வாத்தியார்.

மறுவாரம் ரிக் வந்தது. தேங்காய் காட்டின இடத்தில் முந்நூற்றுச் சொச்சம் அடியில் தண்ணீர் வந்தது. எட்டு மாதம் முடிந்து நானும் மாலை போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். போன மாதம் பஸ்ஸில் அந்த வழியாகப் போனபோது புதுப் போர்டு தெரிந்தது. பக்கத்து சீட்டுக்காரரைப் படிக்கச் சொன்னேன். இங்கே தங்கிய உப்பு வண்டிக்காரர்கள் சோறு சமைத்த அடுப்பின் கரியும் வண்டி மையும் கண்டெடுக்கப்பட்டன என்று எழுதியிருக்கிறதாம். "அந்தக் காலத்து ஆளுக கெட்டிக்காரங்க" என்றார் அவர். ஆமாம் என்று சொல்லிவிட்டு நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆகவே, நட்ட குழிக்கும் விட்ட குழிக்கும் கரி போடுங்கள். போட்டுவிட்டு, போட்டது யார் என்று நாலு பேரிடம் அன்றைக்கே சொல்லி வையுங்கள். கரி பேசும் என்று எங்கள் மேஸ்திரி சொன்னது நிஜம்தான். யார் பக்கத்தில் நிற்கிறார்களோ அவர்கள் பாஷையில் பேசும் என்பதை அவர் சொல்லாமல் போய்விட்டார்.

மருமகள் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்கிறாள், "மாமா, இத அச்சுல போட்டா போர்டு பொய்யின்னு ஆயிராதுங்களா?" ஆகட்டும். பாவாயி தோப்பில் தண்ணீர் பாய்ந்து மூன்று வருஷம் ஆகிறது, தென்னையெல்லாம் குலை தள்ளிவிட்டது. வந்த தண்ணீரை இனி யாரும் திருப்பி அனுப்ப முடியாது. அது தாருங்க, வண்டி மை இல்லை. இதோ, இரண்டாம் தடவையும் சொல்லிவிட்டேன்.